ஆபரேட்டர் ரூம் ஜன்னல்: வாசகர் கேள்வி–பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தியேட்டரில் 1979 முதல் 2011 வரை படம் ஓட்டியவன் நான். போன இதழில் மறக்க முடியாத படங்களைப் பற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

எதற்கெடுத்தாலும் ‘கல்ட் படம்’ என்கிறார்கள். நன்றாக ஓடிய படத்துக்கும் கல்ட் படத்துக்கும் என்ன வித்தியாசம் ஐயா?
— கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஆபரேட்டர் ரூம் சுவரில் மெஷினுக்கு முன்னால் இரண்டு ஓட்டை இருக்கும் அம்மா. ஒன்று வெளிச்சம் போக, இன்னொன்று நாங்கள் பார்க்க. அந்த ஓட்டை வழியாக 32 வருஷம் நான் அதிகம் பார்த்தது ஜனங்களின் பின்னந்தலையைத்தான். படம் பிடித்துப்போனால் தலைகள் ஆடாது. பிடிக்காவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பும், கதவுத் திரை விலகி வெளிச்சம் உள்ளே வரும், இடைவேளைக்கு முன்பே முறுக்குக்காரரிடம் கூட்டம் சேரும். தலைகளை அசையாமல் வைத்திருப்பது பொழுதுபோக்குப் படம். அது நன்றாக ஓடும்.

கல்ட் படத்தை முதல் நாளில் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, மேட்னி ஷோ. உள்ளே ஐம்பது பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருத்தர் நேற்று உட்கார்ந்த அதே நாற்காலியில், தனியாக, உட்கார்ந்திருப்பார். திரையில் வசனம் வருவதற்கு முன்பே அவர் உதடு அசையும். ‘அடுத்து என்ன’ என்ற கேள்வியெல்லாம் அவருக்கு முடிந்துபோனது. ‘இதோ வரப்போகுது’ என்று காத்திருக்க வந்திருக்கிறார். அப்படி ஒருத்தரைத் திரும்பத் திரும்ப வரவைப்பதுதான் கல்ட் படம்.

1991 தீபாவளி, நவம்பர் 5. ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இளையராஜாதான். ஊரே தளபதிக்குப் போனது. எங்களுக்கு வந்த படப்பெட்டி குணா. குடும்பமாக வந்தவர்கள் முகம் வாடித் திரும்பியதைப் பார்த்தேன். ஆனால் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சைக்கிள் கடைப் பையன், பெட்டி திரும்பிப் போகிற நாள்வரை மேட்னிக்கு வந்தான். கையில் கிரீஸ் கறை போயிருக்காது. குகைக் காட்சிகள் முடிந்ததும் எழுந்து போய்விடுவான். அந்தப் பையன் பிடித்துக்கொண்டதைத்தான் பிறகு நாடே பிடித்துக்கொண்டது. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் ‘பேயின் சமையலறை’ என்று பெயர் வைத்திருந்த அந்த இடம் இன்றைக்குக் ‘குணா குகை’. 2006-இல் அந்தக் குழியில் விழுந்த ஒரு கேரள இளைஞரையும் அவரைக் காப்பாற்றிய நண்பர்களையும் வைத்து ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024-இல் வந்தது. அதில் குணாவின் பாட்டு ஒலித்தபோது, 1991-இல் பிறந்தே இராத பிள்ளைகள் கூடவே பாடினார்கள். 33 வருஷம் கழித்து! தளபதியும் அருமையான படம், இன்றைக்கும் ரசிக்கிறேன். ஆனால் ஒரு இடத்தின் பெயரையே மாற்றியது குணா.

தோல்வி அடைந்தால்தான் ஒரு படம் கல்ட் ஆகுமா?
— வாசகர், நெய்வேலி

இல்லை. நான் பெட்டி கட்டி அனுப்பிய தோல்விப் படங்களில் முக்கால்வாசியின் பெயர் எனக்கே நினைவில்லை. ‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990 தீபாவளிக்கு வந்து நன்றாகவே ஓடியது. அதன் வசனத்தை முழுசாக ஒப்பிக்கிறவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தது. பொங்கலுக்குத் தியேட்டர் வருகிறவர்கள் புதுத்துணியோடு, கரும்பு கடித்த வாயோடு வருவார்கள். அன்றைக்கு அவர்கள் கேட்டது வேறு. அதே ஜனங்கள் பிறகு வீட்டில், மழை பெய்கிற ஒரு மத்தியானம், டிவியில் அதைப் பார்த்தார்கள். படம் அப்படியேதான் இருந்தது, பார்த்த நேரம்தான் மாறியது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாசலிலேயே சண்டை போட்டது. 2021 டிசம்பர் 31 அன்று அதை மறுபடி திரையிட்டார்கள். பதினொரு வருஷமாக அந்தச் சண்டையை விடாதவர்கள்தான் அந்தப் படத்தைக் காப்பாற்றினார்கள் என்பேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்ட படத்தைப் பற்றி டீக்கடையில் பேச என்ன இருக்கிறது?

அலியான்ஸ் பிரான்சேஸில் நடக்கும் திரைப்பட விழாவுக்கு வருஷா வருஷம் போகிறேன். என் தங்கை மசாலாப் படம்தான் பார்ப்பாள். அவளை மாற்ற வழி உண்டா?
— ஆசிரியை, லாசுப்பேட்டை, புதுச்சேரி

மாற்றாதீர்கள் அம்மா. விழாவுக்குப் போவது நல்ல பழக்கம். புதுவை அரசு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நல்ல படத்துக்கு விருது கொடுக்கிறது. நாடகத்துக்காகவே வாழ்ந்த ஒருவர் பெயரை அதற்கு வைத்தது எனக்குப் பெருமை. ஆனால் பொழுதுபோக்குப் படத்தைக் கீழே வைத்துப் பேசினால் எனக்கு வலிக்கும்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் முடித்து ரெண்டாவது ஆட்டத்துக்கு வருவார்கள். உடம்பெல்லாம் அலுப்பு. அவர்களை ராத்திரி ஒரு மணி வரை தூங்காமல் உட்கார வைப்பது லேசான வேலையா? ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிஷம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 14 ரீலாவது வரும். கெட்டிக்கார டைரக்டர் எந்த ரீலையும் காலியாக விட்டிருக்க மாட்டார். ஒரு முடிச்சை அவிழ்க்கும்போதே இன்னொன்றைப் போட்டிருப்பார். எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மெஷின் ஓடும்போதே அடுத்த ரீலை இன்னொரு மெஷினில் மாட்ட வேண்டும், மெஷினுக்குள் வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சியைத் தள்ளிவிட வேண்டும். எந்தப் படத்துக்கு அந்த வேலையை அவசரமாக முடித்துவிட்டு ஓட்டைக்கு ஓடி வந்தேனோ, அது நல்ல பொழுதுபோக்குப் படம். இருபதாவது ஷோவிலும் ஓடி வந்திருக்கிறேன்.

தங்கையோடு ஒரு படத்துக்குப் போய் வாருங்கள்.

போனிலேயே படம் இருக்கும்போது ரீ-ரிலீஸுக்கு ஏன் காசு கொடுத்துப் போகிறார்கள்?
— வாசகர், கடலூர் ஓ.டி.

சேர்ந்து கத்துவதற்கு. 2004-இல் வந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மறுபடி வந்தபோது திரைக்கு முன்னால் ஆடிய பிள்ளைகளில் பாதிப் பேர் அதை முதலில் டிவியில் பார்த்தவர்கள். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 1975-இல் வந்த ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ என்ற ஆங்கிலப் படம் முதலில் ஓடவில்லை. அடுத்த வருஷம் நியூயார்க்கில் நடுராத்திரி ஆட்டமாகப் போட்ட பிறகு ஜனங்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாணக் காட்சி வந்தால் அரிசி வீசுவார்கள். நம் ஆட்கள் பூவும் காகிதமும் வீசுகிறார்கள்.

இதோடு நான் இதுவரை எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் மூன்று மணி நேரத்துக்குப் பக்கம். நாலு ஆட்டம் ஓட்ட நேரம் பத்தவில்லை என்று ஒரு பாட்டை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு கல்லூரிப் பையன் இரும்புப் படி ஏறி வந்து, “அண்ணே, அந்தப் பாட்டு எங்கண்ணே?” என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. அவன் கட்டிய காசுக்கு உரியதை நான் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரியே யாரிடமும் சொல்லாமல் ஒட்டிவிட்டேன். மறுநாள் பாட்டு வந்ததும் அவன் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி என் ஓட்டையைப் பார்த்துக் கைகூப்பினான்.

என் அப்பா தினமும் ராத்திரி போனில் ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காமெடியைப் பார்த்துச் சிரிக்கிறார். எத்தனை தடவைதான் சிரிப்பு வரும்?
— வாசகி, தாழங்குடா

1989-இல் இருந்து வருகிறதே அம்மா! அப்பா கடலுக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கடல் இன்றைக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது, வலையில் என்ன வரும் என்று தெரியாது. கவுண்டமணி அந்த இன்னொரு பழம் எங்கே என்று கேட்டால் செந்தில் என்ன சொல்வார் என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செந்தில் வாய் திறப்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்திருப்பார். எந்த இடத்தில் ஆரம்பித்தார் என்று எனக்கு எழுதுங்கள்.