தேக்கா போய்ச் சேரும்வரை கர்ல் நிற்குமா?

கல்யாண சீசன் வந்தாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி, மெலிசான முடியில் கர்ல் ஏன் நிற்பதில்லை என்பதுதான். இந்த முறை ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி: முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கர்ல் செய்கிறேன். தேக்கா போக லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கும்போது முடி பழையபடி நேராகத் தொங்குகிறது. சூட்டை 210 வரை ஏற்றியும் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்த 210ஐ இறக்குங்கள். மெலிசான முடிக்கு 150 முதல் 170 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் முடிதான் கருகும்.

தவறு சூட்டில் இல்லை, ஆறவிடுவதில் இருக்கிறது. முடிக்குள் இருக்கும் கெரட்டின் புரத இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. சூடு பட்டால் அவை விடுபடும். ஆறும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே தொங்கவிட்டால், தொங்கும் வடிவைத்தான் பிடிக்கும்.

சென்ற மாதம் பொங்கோலில் ஒரு மணப்பெண்ணின் தங்கை இதே குறையைச் சொன்னாள். வலப்பக்க முடியை விரல் அகலத்துக்குப் பிரித்து, எட்டு விநாடி கர்லிங் அயர்னில் சுற்றி, அயர்னை உருவியதும் சுருளை உள்ளங்கையில் ஏந்தி, ஜிலேபி மாதிரி தலையோடு வைத்து கிளிப் குத்தினேன். இடப்பக்கத்தைச் சுருட்டி அப்படியே விட்டேன். அதே அயர்ன், அதே சூடு. அவள் இரண்டு தோசை சாப்பிட்டு வருவதற்குள் இடப்பக்கம் வெறும் அலையாகிவிட்டது. வலப்பக்கத்துக் கிளிப்புகளைக் கழற்றியபோது ஒவ்வொன்றும் ஸ்பிரிங் மாதிரி துள்ளியது.

ஆக, கிளிப்போடு 20 நிமிடம். அந்த நேரத்தில் சேலை கட்டிக்கொள்ளுங்கள். தொட்டால் ஜில்லென்று இருந்தால்தான் கழற்ற வேண்டும். அப்புறம் சீப்பை மறந்துவிட்டு, விரலால் கோதுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி: சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலில் அக்கா கல்யாணம். காலை 6.30க்கு முகூர்த்தம். மதியம் ரிசப்ஷன்வரை கர்ல் தாங்குமா?

நீங்கள் சொல்வது கர்லுக்கு ஆகவே ஆகாத நேரம். இங்கே காற்றின் ஈரப்பதம் விடியலுக்குச் சற்று முன் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். சூடு தளர்த்துகிற அதே பிணைப்புகளை ஈரமும் தளர்த்திவிடும். அதனால் வேண்டியதைவிட இறுக்கமாகச் சுருட்டுங்கள், எப்படியும் கொஞ்சம் தளரும். ஏர்கான் அறையில் சுருட்டி, கிளிப்போடு மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு டாக்சி ஏறுங்கள். கோவிலில் இறங்கியபின் கழற்றினால் போதும். யார் பார்த்தால் என்ன!

இன்னொன்று, மல்லிகை. பூக்கடையில் சரத்துக்குத் தண்ணீர் தெளித்தே கொடுப்பார்கள். நன்றாக உதறி, ஒரு துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள். மேல்பாதி முடியைப் பின்னால் கட்டி அந்தக் கட்டில் சரத்தைச் செருகினால், கீழே தொங்கும் சுருளில் ஈரமும் பாரமும் ஏறாது.

பெயர் வேண்டாம் என்றவர்: தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் அம்மா விடமாட்டார். அன்றைக்கு கர்ல் முடியுமா?

முடியும். அம்மாவோடு சண்டை வேண்டாம். நல்லெண்ணெய் போக இரண்டு முறை ஷாம்பு போடுங்கள். மெலிசான முடியில் துளி எண்ணெய் மிச்சமிருந்தாலும் அதன் பாரமே சுருளை இழுத்துவிடும். கண்டிஷனர் நுனியில் மட்டும். நன்றாக அலசிய முடி வழுக்கும் என்பதால், ஈரமாக இருக்கும்போதே எலுமிச்சை அளவு மூஸ் (முடிக்குப் பிடிப்புத் தரும் நுரை) தடவி டிரையரால் முழுக்கக் காயவையுங்கள். சூட்டிலிருந்து காக்கும் ஸ்பிரேயையும் அடித்துவிட்டே அயர்னை எடுங்கள். அயர்ன் வைத்ததும் 'சுர்ர்' என்று சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். முடிக்குள் இருக்கும் நீர் ஆவியாகி உள்ளிருந்தே முடியைக் கெடுக்கிறது என்று அர்த்தம்.

ஹேர் ஸ்பிரேயை நிறைய அடித்தால் நிற்காதா?

நிற்காது. ஈரமாக அப்பினால் அதுவே சுருளைக் கீழே இழுக்கும். ஒரு முழம் தள்ளிப் பிடித்து, லேசாக இரண்டு தடவை அடித்தால் போதும்.

தெம்பனிஸ் வாசகி: சூடே இல்லாமல் இரவில் துணி சுற்றிப் படுத்தால்? அப்புறம், சென்னையில் வாங்கிய அயர்ன் இங்கே ஓடுமா?

மெலிசான முடிக்கு நான் முதலில் சொல்வதே துணி முறைதான். பழைய பருத்தித் துப்பட்டாவைக் கிழித்து நாடாவாக்கிச் சுற்றுங்கள். ஆனால் சொட்டச் சொட்ட ஈரத்தோடு சுற்றாதீர்கள். இந்த ஊர்க் காற்றில் விடிந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது, அவிழ்த்ததும் விழுந்துவிடும். முக்கால்வாசிக்கு மேல் காய்ந்தபின் சுற்றுங்கள்.

அயர்ன் ஓடும். இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக்கின் வடிவம்தான் வேறு. ஒரு அடாப்டர் போதும்.