கிளாஸ் ஏ பவர் ஆம்ப்ளிஃபையர் பாட்டே ஓடாதபோதும் ஏன் கொதிக்கிறது?

கிளாஸ் ஏ என்றால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஒரு நொடிகூட அணையாமல் மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும் அமைப்பு. சிக்னலில் நிற்கும் பஸ் எஞ்சினை அணைக்காமல் உறுமுவதைப் போல.

காரணம் இதுதான்: கிளாஸ் பி என்ற இன்னொரு வகையில் ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. அவை கைமாறும் இடத்தில் சிறு சிதைவு வரும், மெல்லிய வீணை ஒலியில் அது உறுத்தும். கிளாஸ் ஏ-யில் கைமாற்றமே இல்லை. அதற்கு விலை வெப்பம்: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 25 வாட் தர, ±24 வோல்ட்டில் (மொத்தம் 48 வோல்ட்) 1.25 ஆம்பியர் எப்போதும் ஓட வேண்டும். இடது, வலது என ஒவ்வொரு சேனலுக்கும் 60 வாட்! மூடிய அலமாரியில் வைத்தால், மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்களின் உள்ளே இருக்கும் திரவம் சீக்கிரம் காய்ந்துபோகும். மேலே 15 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

சத்தத்தைக் குறைத்தால் சூடு குறையும் என்பது தவறு. கிளாஸ் ஏ மிக அதிகம் சூடாவது மௌனத்தில்தான்.