அமெரிக்க முன்னாள் அதிகாரி டேவிட் கிரஷ் சொன்னதை நம்பலாமா? அமெரிக்க அரசு பறக்கும் தட்டுகளை மறைத்து வைத்திருக்கிறதா?

மறைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மறைத்து வைத்திருப்பது வேற்றுக்கிரக வாகனத்தைத்தான் என்பதற்கு இதுவரை யாரும் ஒரு துண்டுச் சீட்டுகூடப் பொதுவில் காட்டவில்லை.

2023 ஜூலை 26 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன்பு கிரஷ் பேசிய வீடியோவை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஆள் சும்மா கதை விடுகிறவர் மாதிரித் தெரியவில்லை. விமானப்படையில் உளவு அதிகாரியாக இருந்தவர், அடையாளம் தெரியாத பறக்கும் பொருட்களை ஆராய பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, அமைத்த குழுவிலும் உட்கார்ந்தவர். அப்படி விழுந்து நொறுங்கிய பொருட்களை எடுத்து வந்து, பிரித்துப் பார்த்து, அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும் திட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது, நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் நடக்கிறது என்று பிரமாணம் எடுத்துச் சொன்னார்.

அதில் ஓர் இடத்தைத்தான் எல்லோரும் வெட்டிப் பரப்புகிறார்கள். ஓட்டி வந்தவர்களின் உடல்கள் இருக்கின்றனவா என்று நான்சி மேஸ் என்ற உறுப்பினர் கேட்கிறார். சிலவற்றோடு உயிரியல் பொருட்களும் கிடைத்தன என்கிறார் கிரஷ். மனிதருடையதா, இல்லையா? மனிதருடையது அல்ல என்கிறார். யூடியூப் துண்டு அதோடு முடிந்துவிடும். ஆனால் அவர் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார்: திட்டத்தைப் பற்றி நேரடியாகத் தெரிந்த, தான் பேசிப் பார்த்த ஆட்களின் மதிப்பீடு அது என்று. நான்கு வருடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தாராம். சரி, அந்த நாற்பது பேர் யார்? அதைத் திறந்த சபையில் சொல்ல முடியாது, மூடிய அறையில் சொல்கிறேன் என்றார்.

நான் கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவன். "சார், அவர் வாங்கியதாக இவர் சொன்னார்" என்று யாராவது ஆரம்பித்தாலே, ரசீது எங்கே என்று கேட்டுத்தான் பழக்கம். கிரஷ் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் சொன்னவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டேவிட் ஃப்ரேவர் வேறு ரகம். 2004-ல் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து கிளம்பிய விமானி. இறக்கை இல்லாத, மாத்திரை வடிவ வெள்ளைப் பொருளைத் தன் கண்ணாலேயே பார்த்தவர். இரண்டு விமானங்களில் இருந்த நான்கு பேரும் பார்த்தார்கள். அது என்னவென்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆனால் எல்லாச் சம்பவமும் அப்படி இல்லை. 'கோ ஃபாஸ்ட்' என்ற பெயரில் பென்டகன் 2020-ல் அதிகாரபூர்வமாக வெளியிட்ட வீடியோவைப் பாருங்கள். கடலை உரசிக்கொண்டு ஏதோ சீறிப் பாய்கிற மாதிரி இருக்கும். திரை ஓரங்களில் விமானத்தின் உயரம், கேமராவின் கோணம், பொருள் இருக்கும் தூரம் எல்லாம் எண்களாக ஓடிக்கொண்டிருக்கும். நாசா அமைத்த ஆய்வுக் குழு 2023-ல் அந்த எண்களை வைத்தே கணக்குப் போட்டது. பொருள் இருந்தது கடல் மட்டத்தில் அல்ல, சுமார் 13,000 அடி உயரத்தில். வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 மைல். காற்றில் மிதந்து போகிற எதுவும் அந்த வேகத்தில் போகும். ஓடுகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் பக்கத்தில் இருக்கும் மரம் பின்னால் பறக்கிற மாதிரி தெரியுமே, அதே சங்கதி.

எண்கள் வெளியே வந்ததால்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. மற்ற வீடியோக்களைத் தகவல் கோரும் சட்டத்தின் கீழ் கேட்டபோது, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கடற்படை 2022-ல் மறுத்துவிட்டது. படத்தில் இருப்பது பலூனாகவே இருந்தாலும், எடுத்த கேமராவின் திறமை எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் கவலை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 'ரகசியம்' என்று முத்திரை குத்திப் பழகிய கைக்கு நிறுத்தத் தெரியாது. எங்கள் அலுவலகத்துக்கு 'மந்தணம்' என்று எழுதி, அரக்கு வைத்து ஓர் உறை வரும். உள்ளே இடமாறுதல் பட்டியல் இருக்கும். முந்தின நாளே டீக்கடையில் பேசி முடித்த பட்டியல்!

அமெரிக்க அரசு மீது சந்தேகப்படுகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. 1947-ல் ரோஸ்வெல் என்ற அமெரிக்க ஊரருகே விழுந்ததை முதலில் 'பறக்கும் தட்டு' என்று ராணுவமே அறிவித்தது, உடனே வானிலை பலூன் என்று மாற்றியது. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க விட்ட மோகல் திட்டத்தின் பலூன் அது என்று விமானப்படை சொன்னது 1994-ல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

2024 மார்ச்சில், இத்தகைய பொருட்களை ஆராயும் பென்டகன் அலுவலகம் தன் வரலாற்று அறிக்கையை வெளியிட்டு, வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரமே இல்லை என்றது. அதில் 'கோனா புளூ' பற்றிய பகுதி சுவாரசியமானது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் சிலர் முன்வைத்து, ஒப்புதல் கிடைக்காமல் போன திட்டம் அது. தொடங்கவே இல்லை. ஆனால் வேற்றுக்கிரகப் பொருட்களைப் பதுக்கிய ரகசியத் திட்டம் என்று அதையே பின்னால் சிலர் சுட்டிக்காட்டினார்கள். எனக்கு இந்த விளக்கம் நம்பும்படி இருக்கிறது. ஆனால் பென்டகனைப் பற்றிய புகாரைப் பென்டகனே விசாரிப்பது திருடன் கையில் சாவி கொடுத்த கதைதானே என்று நீங்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

அதற்கும் ஒரு வழி இருந்தது. செனட் உறுப்பினர்கள் சக் ஷூமரும் மைக் ரவுண்ட்ஸும் 2023-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். கென்னடி கொலை ஆவணங்களுக்கு அமைத்தது போல, சுயேச்சையான குழு ஒன்று எல்லாக் கோப்புகளையும் பார்த்து எதை வெளியிடலாம் என்று பரிந்துரைக்கும். டிசம்பரில் சட்டம் நிறைவேறியபோது அந்தக் குழுவையே வெட்டிவிட்டார்கள். ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்ற பகுதி மட்டும்தான் தப்பியது. அந்தக் குழு இருந்திருந்தால், கிரஷ் சொன்ன அந்த நாற்பது பேரில் ஒருவரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து, "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.