“பேசிப் பேசியே நகரத்தைக் கெடுத்துவிட்டார்கள்!”

கேள்வி: டர்பன் நகர நிர்வாகத்தைப் பற்றி மண்டபத்துக்கு மண்டபம் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என் வீட்டுக் குழாயில் வாரத்தில் பாதி நாள் காற்றுதான் வருகிறது. கவுன்சிலைக் கலைத்துவிட்டு, முழு அதிகாரத்தோடு ஒரே ஒரு திறமைசாலியை உட்கார வைத்தால் என்ன? அவர் நம்மவராக இருந்தால் இன்னும் நல்லது. இல்லை, அடுத்த தேர்தலில் நானே சுயேச்சையாக நின்றுவிடட்டுமா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: குழாயில் காற்று வருவது நிஜம். என் வீட்டு ஜோஜோ தண்ணீர் டேங்கும் அழகுக்காக வாங்கி வைத்ததல்ல. நீங்கள் கேட்கும் தீர்வோடுதான் எனக்குச் சண்டை.

நம்மைக் கேட்காமல் யாரோ நகரத்தை நடத்துவது நமக்கு ஒன்றும் புது அனுபவம் இல்லை, ஐயா. 1924-ல் டர்பன் இருந்த நேட்டால் மாகாணம் சட்டம் போட்டு இந்தியர்களின் நகராட்சி வாக்குரிமையைப் பறித்தது. எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் உள்ளாட்சித் தேர்தல் இங்கே 1996 ஜூன் 26-ல்தான் நடந்தது. நடுவில் பல வருஷம் டர்பன் தெருக்களைக் கூட்டியதும் குப்பை அள்ளியதும், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் குடியிருந்த நம் ஆட்கள். எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தத் தெருவுக்குச் சாக்கடை என்று முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். கடைசியில் அந்தப் பாரக்ஸையே காலி செய்து, 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். அந்த நிர்வாகம் திறமையில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளையர் பகுதிகளில் எல்லாம் கச்சிதமாகத்தான் நடந்தது. சாட்ஸ்வர்த்தில் இருந்துகொண்டு கவுன்சிலைக் கலைக்கச் சொல்லும்போது இது கொஞ்சம் ஞாபகத்தில் இருக்கட்டும்.

சரி, பழைய கதையை விடுவோம். ‘ஒரே ஆள்’ மருந்தை இந்த நாட்டிலேயே சாப்பிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் மேயரிடமே நிர்வாக அதிகாரம் குவிந்திருக்கிறது. 2021 தேர்தலுக்குப் பிறகு மூன்று வருஷத்துக்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை எண்ணுங்கள்: ம்ஃபோ ஃபலாட்சே, டாடா மொரேரோ, திரும்ப ஃபலாட்சே, தாபெலோ அமாட், கபெலோ க்வாமாண்டா, திரும்ப மொரேரோ. இதில் அமாடும் க்வாமாண்டாவும் வந்த கட்சிக்கு 270 பேர் உள்ள சபையில் இருந்தது 3 இடம்! மேயருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுத்தாலும், அவரைத் தூக்கும் அதிகாரம் சபையிடம் இருக்கிறது. பெரும்பான்மை இல்லாதவர் காலையில் எழுந்ததும் குழாயைப் பற்றி யோசிப்பாரா, கூட்டணியைப் பற்றி யோசிப்பாரா?

கவுன்சிலை ஒதுக்கிவிட்டு மாகாணமே நிர்வாகியை அனுப்பும் வழியும் உண்டு. அரசியலமைப்பின் 139-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பக்கத்திலிருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு 2010-ல் அப்படி அனுப்பினார்கள். அது பலித்திருந்தால் 2019-ல் எதற்கு மறுபடியும் அனுப்பினார்கள்?

டர்பனில், அதாவது எத்தெக்வினியில், ஏற்பாடே வேறு. இங்கே மேயர் தனி ஆட்சியாளர் இல்லை. பத்துப் பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்குத் தலைவர், அவ்வளவுதான். அந்தக் குழுவில் எதிர்க்கட்சிகளுக்கும் இடம் உண்டு. சபையில் 222 பேர். 111 பேர் வார்டுகளிலிருந்து, மீதிப் பாதி கட்சிப் பட்டியலிலிருந்து. 2021-ல் முதலிடம் வந்த ஏ.என்.சி.க்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) கிடைத்தது 96. யார் மேயரானாலும் நாலு கட்சியோடு பேசாமல் ஒரு பட்ஜெட்டையும் நிறைவேற்ற முடியாது. பேசுகிறார்கள் என்று கோபித்துக்கொள்கிறீர்கள். பேசாவிட்டால் ஜூலை முதல் தேதி சம்பளம் கொடுக்கவே பணம் ஒதுக்க முடியாது.

‘நம்மவர்’ ஆசைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லோகி நாயுடு துணை மேயராக இருந்தார், அப்புறம் சபாநாயகராகவும் இருந்தார். ஃபௌசியா பீர் துணை மேயராக இருந்தார். அவர்கள் நல்லவர்களா இல்லையா என்பது இருக்கட்டும். அந்த வருஷங்களில் உங்கள் தெருவில் எத்தனை மீட்டர் குழாய் மாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. நாம் கேட்டதே இல்லை.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. இதே டர்பன், 1990களின் கடைசியில் ஏழை வீடுகளுக்கு அடிப்படைத் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த ஊர்; அதைப் பார்த்துத்தான் 2001-ல் வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் என்று நாட்டுக்கே கொள்கை வந்தது. 2014-ல் நம் நகரத்தின் தண்ணீர்த் துறைக்கு ஸ்டாக்ஹோமில் உலகப் பரிசு கொடுத்தார்கள். இன்றைக்கு அதே துறை விநியோகிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் ஒரு காசு வருமானம் தருவதில்லை. கொஞ்சம் வெடித்த குழாயில் போகிறது, கொஞ்சம் திருட்டு இணைப்பில் போகிறது, கொஞ்சம் ஓடாத மீட்டரில் போகிறது. ஆனால் மொத்தமாகத் தண்ணீர் விற்கும் அரசு நிறுவனமான உம்கேனி-உதுகேலா வாட்டரிடமிருந்து வாங்கும்போது லிட்டர் கணக்கில் நகராட்சி காசு கொடுத்தாக வேண்டும், கசிந்ததற்கும் சேர்த்து. அந்த நஷ்டத்தால் பழுதுபார்க்கும் பணம் சுருங்குகிறது. பழுதுபார்க்காததால் இன்னும் குழாய் வெடிக்கிறது. நீர்த்தேக்கத் தொட்டி நிரம்புவதில்லை, மேட்டில் இருக்கும் உங்கள் வீட்டுக்குக் காற்று வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளம் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையத்தை அடித்துப்போட்டு, அங்குள்ளவர்களை மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்க வைத்தது உண்மை. எல்லாவற்றையும் வெள்ளத்தின் தலையில் கட்டுவது மட்டும் சரியில்லை. குழாய்கள் அதற்கு முன்பே ஒழுகிக்கொண்டிருந்தன. 2011-ல் 34 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2022-ல் 42 லட்சம் ஆகிவிட்டது.

ஏன் இப்படி விட்டார்கள்? மண்ணுக்கு அடியில் குழாய் மாற்றினால் ரிப்பன் வெட்ட முடியாது, புகைப்படத்திலும் விழாது. ஐந்து வருஷப் பதவிக்காரருக்கு அதில் என்ன லாபம்? போதாததற்கு, தண்ணீர் பில்லில் நீங்கள் கட்டும் பணம் பொதுக் கஜானாவில் கலந்து எங்கெங்கோ போய்விடுகிறது. அதனால்தான் இப்போது தேசிய நிதித்துறை எட்டுப் பெருநகரங்களிடமும், தண்ணீர், மின்சாரம், குப்பை ஆகியவற்றின் வருமானத்தைத் தனித்தனியாகக் கணக்கு வைத்து அந்தந்தச் சேவைக்கே செலவழியுங்கள், செய்தால் கூடுதல் மானியம் தருகிறோம் என்கிறது. மேயரை மாற்றும் யோசனைகளைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு பிடித்திருக்கிறது. நீங்கள் கோபித்துக்கொள்ளும் அந்த மண்டபக் கூட்டங்களில் இதைப் பற்றித்தான் பேச வேண்டும். “2030-க்குள் ஆப்பிரிக்காவிலேயே அதிக அக்கறையுள்ள, வாழத் தகுந்த நகரம்” என்ற நகராட்சியின் கனவு வாசகத்தைத் திரையில் போட்டுவிட்டு சமோசாவுக்குப் போய்விடுகிறார்கள் என்பது உங்கள் புகாராக இருந்தால், அதில் நான் உங்கள் கட்சி.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட ஆசிரியர் பற்றாக்குறை, போலீஸ் தாமதம் என்று நீண்ட பட்டியல் போட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியும் பள்ளியும் மாகாணத்தின் பொறுப்பு. குற்றப் புலனாய்வு தேசியப் போலீஸின் வேலை. இதற்கெல்லாம் கவுன்சிலரைத் திட்டினால் அவருக்கு வசதி. ‘என் கையில் இல்லை’ என்று நியாயமாகவே சொல்லித் தப்பிவிடுவார், அந்தச் சந்தடியில் குழாய் விஷயமும் போய்விடும்.

உருப்படியாகக் கேட்க வேண்டுமானால் காலம் பார்த்துக் கேளுங்கள். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்பே, மார்ச் முடிவதற்குள், வரைவு பட்ஜெட்டைச் சபையில் வைத்துவிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதில் பழுதுபார்ப்பு, பராமரிப்பு என்ற வரியைத் தேடுங்கள். நகராட்சிக்குச் சொந்தமான சொத்துகளின் மதிப்பில் 8 சதவீதம் இதற்குப் போக வேண்டும் என்று நிதித்துறை அளவுகோல் வைத்திருக்கிறது. நம் நகரம் எவ்வளவு ஒதுக்குகிறது, போன வருஷம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவழித்தது, நம் வார்டில் எந்தெந்தத் தெரு என்று எழுத்தில் கேளுங்கள். ரேட்ஸ் (சொத்து வரி) ஏறிய பிறகு ஜூலையில் வாட்ஸாப்பில் கொதிப்பதால் ஒரு வால்வும் திறக்காது.

கடைசிக் கேள்வி: தாராளமாக நில்லுங்கள். வார்டில் பதிவு செய்த 50 வாக்காளர்களின் கையெழுத்தும் டெபாசிட் பணமும் இருந்தால் சுயேச்சையாக மனு போடலாம். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2026 நவம்பர் 2-க்கும் 2027 ஜனவரி 31-க்கும் இடையில் நடந்தாக வேண்டும். ஜெயித்தால் நீங்கள் இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர். உங்கள் வார்டுக் குழுவில் பத்துப் பேர் வரை இருக்கலாம். அதில் ஒரு பிளம்பர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.