கட்டிலடி ஸ்கேன்: ஐசியுவிலிருந்து வந்த கேள்விகள்

ஐசியு கட்டிலடியில் நிற்கும் சின்ன அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷினைப் பற்றித் திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் தாதியாக நின்றவள், இப்போது இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

சலம் (சிறுநீர்) மணிக்கு 10 மில்லிலீற்றராகக் குறைந்துவிட்டது. டொக்டரைக் கூப்பிட முன் நானே ஸ்கேன் வைத்துப் பார்க்கலாமா? (உப்புவெளி)

உங்கள் கன்சல்டன்ட் அனுமதித்து, ஒருவர் பக்கத்தில் நின்று பழக்கியும் இருந்தால் தாராளமாகப் பாருங்கள். 70 கிலோ ஆளுக்கு மணிக்கு 35 மில்லிலீற்றராவது வரவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம். அது வராவிட்டால் முதல் கேள்வி ஒன்றுதான்: சிறுநீரகம் சலத்தை உண்டாக்கவில்லையா, உண்டான சலம் வெளியே வரவில்லையா? சலம் வடிக்க விட்ட குழாயான கதீற்றர் ஒழுங்காக வேலை செய்தால் சலப்பை சுருங்கி, கதீற்றர் பலூன் மட்டும் வட்டமாகத் தெரியும். பலூனைச் சுற்றிக் கறுப்பாக நிறைய நீர் நின்றால் குழாய் மடங்கியிருக்கிறது, அல்லது அடைத்திருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐயாவுக்கு இரவு முழுக்கச் சலம் குறைவென்று எழுதிக்கொண்டே இருந்தேன். சலம் போக ஊசியும் போட்டோம். விடிய வந்த சிஸ்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார். குழாய் அவருடைய தொடைக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. ஆகவே முதலில் குழாயைக் கையால் தடவிப் பாருங்கள், அப்புறம் புரோப்பை (உடம்பில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கைப்பிடியை) எடுங்கள். இன்னொன்று: வயிற்றில் நீர் கோர்த்தவர்களில், அளவைத் தானாகச் சொல்லும் பிளடர் ஸ்கேனர் அந்த நீரையும் சலமென்று எண்ணிவிடும்.

வீங்கிய கையில் ஸ்கேன் பார்த்துக் கனுலா (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போட்டேன், இரத்தமும் வந்தது. நாலு மணித்தியாலத்தில் கை ஊதிவிட்டது. எங்கே பிழை? (மூதூர்)

பெரும்பாலும் பிழை நீளத்தில்தான். நாளம் (வெயின்) தோலிலிருந்து 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கிறது, நீங்கள் 45 பாகையில் குத்துகிறீர்கள் என்று வைப்போம். நாளத்தைத் தொடவே 14 மில்லிமீற்றர் போய்விடும். நீலக் கனுலாவின் நீளம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர். மிஞ்சுவது 11. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது அது வழுகி வெளியே வந்துவிடும், மருந்து நாளத்துக்கு வெளியே சுற்றியுள்ள திசுவுக்குள் போகும். 45 மில்லிமீற்றர் பச்சைக் கனுலாவென்றால் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே நிற்கும், ஆனால் அதற்கேற்ற அகலம் நாளத்துக்கு இருக்கவேண்டும். எனவே ஊசியைப் பிரிக்க முன்னரே திரையில் ஆழத்தை அளவெடுங்கள்.

அடுத்தது நுனி. குறுக்குவெட்டில் பார்க்கும்போது ஊசியின் எந்த இடமும் வெள்ளைப் புள்ளியாகவே தெரியும். நடுத்தண்டைப் பார்த்து நுனியென்று நம்பினால், உண்மையான நுனி நாளத்தின் பின்சுவரைத் தாண்டிப் போயிருக்கும். புள்ளி மறையும்வரை புரோப்பை முன்னே நகர்த்துங்கள், புள்ளி திரும்பத் தெரியும்வரை ஊசியைத் தள்ளுங்கள். இப்படியே மாறி மாறிப் போகவேண்டும். இரத்தம் வந்தவுடன் நிறுத்தாமல், நாளத்துக்குள் இன்னும் இரண்டு மூன்று தடவை இதைச் செய்த பிறகே கனுலாவை வழுக்கி விடுங்கள்.

நாளமா நாடியா (ஆர்ட்டரியா) என்ற சந்தேகம் வந்தால் புரோப்பால் மெதுவாக அழுத்துங்கள். நாளம் அப்படியே படுத்துவிடும். நாடி வட்டமாக நின்று துடிக்கும். பிரஷர் மிகவும் விழுந்த நோயாளியில் அந்தத் துடிப்பு மங்கலாக இருக்கலாம், அவசரப்படாதீர்கள்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இடது நெஞ்சில் நுரையீரல் அசையவில்லை. நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்த நிலை) என்று சொல்லலாமா? (கந்தளாய்)

அப்படிச் சொல்லாதீர்கள். விலா எலும்புகளுக்கு நடுவே எறும்பு ஊர்வதுபோல மினுங்கும் நுரையீரல் ஓரக் கோடு அசையாமல் நின்றால் காரணங்கள் பல உண்டு. வென்டிலேட்டருக்காக வாய்வழியே விட்ட குழாய் ஆழமாகப் போய் வலது பக்கத்துக்கு மட்டும் காற்றுக் கொடுத்தாலும் இடது பக்கம் இப்படித்தான் நிற்கும். பழைய தொற்றினால் நுரையீரல் ஒட்டிப்போனாலும் அசையாது. “இடது முன்பக்கம் அசைவில்லை, ஒட்சிசன் 88, குழாய் உதட்டில் 25 சென்ரிமீற்றரில் நிற்கிறது” என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட டொக்டர் ஓடி வருவார். பிரஷரும் சேர்ந்து விழுந்தால் ஸ்கேனைத் தள்ளி வைத்துவிட்டு உடனே ஆட்களைக் கூப்பிடுங்கள்.

மாமிக்குத் தினமும் ஸ்கேன் எடுக்கிறார்கள். கதிர் உடம்பைத் தாக்காதா? (நிலாவெளி)

இதில் எக்ஸ்ரே போன்ற கதிர் இல்லை, அம்மா. காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய்ப் பட்டுத் திரும்பிவருகிறது, அவ்வளவுதான். வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பதும் இதே முறையில்தான். பயப்படாதீர்கள்.

டெங்கு நோயாளிகளுக்கு ஸ்கேனில் தாதி என்ன பார்க்கவேண்டும்? (கிண்ணியா)

2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். வலது பக்கம், ஈரலுக்கு மேலே உதரவிதானத்தைத் தேடுங்கள். அதற்கு மேல் கறுப்புப் பட்டை தெரிந்தால் நெஞ்சில் நீர் கசிந்திருக்கிறது. பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருப்பதும் துணை அடையாளம்.

ஆனால் உங்கள் பெரிய வேலை நேரத்தை எழுதுவது. டெங்குவில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்க்கு வெளியே கசியும் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம். அதற்குள் கொடுக்கும் சேலைன் கணக்கு முழுவதும் தொடக்க நேரத்தில்தான் தங்கியிருக்கிறது. “காலை 6க்கு நீர் இல்லை, 10க்கு மெல்லிய பட்டை” என்ற ஒரு வரி டொக்டருக்குப் பெரிய உதவி. கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கசிவு ஏற்கெனவே தொடங்கியிருக்கும், அதனால் பிசிவியையும் (இரத்தத்தில் செங்கலங்களின் பங்கு) பல்ஸ் பிரஷரையும் (மேல், கீழ் பிரஷரின் வித்தியாசம்) பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்கேன் வெறுமையாக இருக்கிறதென்று கவனத்தைத் தளர்த்த வேண்டாம்.

புரோப்பை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா? (தம்பலகாமம்)

சில புரோப்களின் முகப்பில் ஸ்பிரிட் வெடிப்பு விழச் செய்யும். மெஷினோடு வந்த புத்தகத்தில் எது பொருந்தும் என்று இருக்கும், அதைப் பாருங்கள். முதலில் ஜெல்லை முழுக்க வழித்தெடுங்கள், ஜெல் படிந்த இடத்தில் கிருமிகொல்லி மருந்து வேலை செய்யாது. வயரையும் துடையுங்கள், அது ஒவ்வொரு கட்டிலிலும் உரசி வருகிறது. ஊசி குத்தும் வேலைக்குக் கிருமிநீக்கிய தனிப் பக்கற் ஜெல்லும் உறையும் வேண்டும். பெரிய போத்தலிலிருந்து சின்னப் போத்தலுக்கு ஜெல் ஊற்றி நிரப்பும் பழக்கம் உங்கள் பிரிவில் இருந்தால் இன்றைக்கே சிஸ்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.