மேகம் விட்டால்தான் மலை

கரீபியன் தீவான குவாதலூப்பில் மகள் வீட்டில் எட்டு மாதம் இருந்த கதையைப் போன இதழில் நாலு வரியில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "அங்கே என்ன பார்க்கலாம்?" என்ற கேள்விதான். மற்றவர்களுக்கும் உதவும் என்று பட்டவற்றுக்கு இங்கே பதில்.

மார்ச்சில் ஐந்து நாள் போகிறோம். கடற்கரையோரம் ஒரே ஓட்டலில் தங்கி எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?
– ஒரு வாசகர், கோவை

பார்க்கலாம். ஆனால் பாதி நேரம் காருக்குள் போய்விடும்.

அந்தத் தீவு இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி. கிழக்கு இறக்கையின் பெயர் கிராந்த்-தேர், அதாவது பெரிய நிலம். மேற்கு இறக்கை பாஸ்-தேர், தாழ்ந்த நிலம். நேரில் பார்த்தால் எல்லாம் தலைகீழ். பெரியது என்று பெயர் வாங்கியதுதான் சின்னது, தட்டையானது. தாழ்ந்தது என்று சொல்லப்படுவதில்தான் மலை, காடு, அருவி எல்லாம். மாலுமிகள் கணக்கில் 'தாழ்ந்த' என்றால் காற்று மறைவான பக்கம் என்று என் மருமகன் விளக்கினார். சரி, அவர்கள் கப்பலிலிருந்து பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

வெள்ளை மணல் வேண்டுமென்றால் கிழக்கில் இரண்டு இரவு போதும். மீதி மூன்றையும் பாஸ்-தேரில் தங்குங்கள். மலை காலையில்தான் முகம் காட்டும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறிவிடும். கிழக்கிலிருந்து கிளம்பினால் நடுவே பாலத்தைத் தாண்ட வேண்டும். வேலை நாள் காலையில் அங்கே வண்டி நகராது. மார்ச் மழை குறைந்த பருவம், நல்ல தேர்வு. வாடகைக் கார் இல்லாமல் சிரமம். சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், செலவுக்கு யூரோ.

முக்கியமான ஒன்று: குவாதலூப் பிரான்சின் மாவட்டம்தான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழி செய்யும் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. பாரிஸ் போகும் விசாவே போதும் என்று நினைத்து டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

எனக்கு வயது 61, முட்டி வலி உண்டு. எரிமலை ஏற முடியுமா, அருவியோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?
– ஒரு வாசகி, திருச்சி

அம்மா, என் முட்டியும் உங்கள் முட்டிக்கு உறவுதான். சூஃப்ரியேர் எரிமலையில் இரண்டு முறை ஏறினேன். உயரம் 1,467 மீட்டர், சிறிய அண்டிலிஸ் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம். பயப்பட வேண்டாம், பாதி உயரத்துக்கு மேல் கார் போகும். மஞ்சள் குளியல் என்று பொருள்படும் 'பேன் ழோன்' என்ற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டும். உச்சிக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கூடவே ஆனது.

முதல் தடவை நான் பார்த்தது மகளின் மஞ்சள் மழைக்கோட்டின் முதுகை மட்டும்தான். இரண்டடி முன்னால் போகிறவள் சட்டென்று மறைந்துவிடுவாள், குரல் மட்டும் வரும். காற்று பக்கவாட்டில் தள்ளியது. தீக்குச்சி உரசியது போல் கந்தக வாடை மூக்கைச் சுட்டது. மேலே எங்கேயோ பிரஷர் குக்கர் ஆவி விடுவது போல் ஓயாத சீறல் கேட்டதே தவிர, எங்கிருந்து என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைப்பதும் போடுவதுமாகத் திரும்பினோம்.

இரண்டாவது தடவை ஐந்தரை மணிக்கே கிளம்பினோம். காட்டைத் தாண்டியதும் மரமே இல்லை. பஞ்சு போல் பாசி, அதன் நடுவே அன்னாசிச் செடியின் தங்கை மாதிரி கூர் இலைச் செடிகள். உச்சியில் கால் மணி நேரம் வானம் திறந்தது. கீழே கடல், தெற்கே லே செந்த் என்ற குட்டித் தீவுக் கூட்டம், அதற்கும் அப்பால் நீலமாக டொமினிக்கா. அந்தக் கால் மணி நேரத்துக்காக இன்னொரு தடவையும் ஏறுவேன். முட்டிதான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இது அணைந்த மலை இல்லை. 1976-ல் குமுறியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். பயந்த பெரிய வெடிப்பு வரவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. வெளியேற்றியது சரியா என்று விஞ்ஞானிகள் பகிரங்கமாகவே சண்டை போட்டார்கள். ஆவி வரும் பகுதிக்குள் போகத் தடை உண்டு. பலகை சொல்வதைக் கேளுங்கள், முன்னால் போகிறவரைப் பார்த்து வேலியைத் தாண்டாதீர்கள்.

முட்டி வேண்டாம் என்றால் கார்பே அருவிகளில் இரண்டாவது. 110 மீட்டர் உயரம், சீரான பாதையில் இருபது நிமிட நடை. அடிவாரம்வரை விடுவதில்லை, மேடையிலிருந்தே பார்க்க வேண்டும். 1493-ல் கொலம்பஸ் கப்பலிலிருந்து பார்த்து வியந்தது இந்த அருவிகளைத்தான் என்பார்கள்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி போல் இருக்குமாமே? குடிக்கலாமா, குளிக்கலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

குடிக்காதீர்கள். வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து இன்னும் மண்ணை விட்டுப் போகவில்லை. தெளிவாக இருப்பதால் மட்டும் தண்ணீர் நல்லதாகிவிடாது.

குளிக்கலாம், ஒரு விதியோடு. பேன் ழோனில் கல் கட்டிய தொட்டி, வெதுவெதுப்பான எரிமலைத் தண்ணீர். இறங்கி வந்த காலுக்கு ஒத்தடம் மாதிரி இருக்கும். ஆனால் தலையை முக்கக் கூடாது. வெந்நீர் ஊற்றுகளில் இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். 2008-ல் ஒரு சிறுவன் அப்படி இறந்திருக்கிறான். கழுத்துவரை உட்காருங்கள், அதுவே சுகம்.

கடற்கரையில் அழுகிய முட்டை நாற்றம் என்று படித்தேன். அதுவும் எரிமலையா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

இல்லை. சர்காசம் என்ற பழுப்புப் பாசி. 2011-லிருந்து அட்லாண்டிக் பக்கக் கரைகளில் சில மாதங்கள் குவிந்து அழுகும். அப்போது மேற்குக் கரைக்குப் போங்கள். மாலாந்தூர் மணல் கறுப்பு, ஆனால் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தால் கீழே பச்சை ஆமை புல் மேய்கிறது. மாடு மாதிரியே, அவசரமில்லாமல், ஒரு வாய் கடித்து, நிமிர்ந்து, இன்னொரு வாய். எனக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையோடு பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

கரையில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்த மரம் இருந்தால் விலகிப் போங்கள். மஞ்சினீல். பழம் குட்டி ஆப்பிள் மாதிரி ஆசை காட்டும், கொடிய விஷம். மழைக்கு ஒதுங்கினால்கூட, இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் பட்ட இடம் கொப்பளிக்கும்.

நம்மவர்கள் அங்கே இருக்கிறார்களாமே?
– ஒரு வாசகர், காரைக்கால்

உங்கள் ஊர்க்காரர்கள்தான் ஐயா. 1854 டிசம்பரில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது, கரும்புத் தோட்டக் கூலிக்கு. கார்பே அருவிக்குப் போகும் வழியில், கபெஸ்தேரில் சாலையோரமாகவே சாங்கி கோயில் இருக்கிறது. வண்ணச் சிலைகளோடு நம் கோபுரம். மாரியம்மனை 'மாலியேமென்' என்கிறார்கள், மதுரை வீரன் 'மால்தேவிலென்'. வாசலில் ஒரு பாட்டியிடம் தமிழில் பேசிப் பார்த்தேன். பிரெஞ்சில் பதில் சொன்னார். சிரித்துக்கொண்டே கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தார். அருவிக்கு எட்டரை மணிக்குள் போய்விட்டு, திரும்பும்போது கோயிலுக்குப் போங்கள். கோயில் எங்கேயும் போகாது, மேகம்தான் காத்திருக்காது.