அரசுப் பணி, தூதரகம், கம்பெனி போர்டு: கேள்வி பதில்

அடுத்த ஆண்டு ஓய்வுபெறும் ஐ.ஏ.எஸ். அதிகாரி: ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போகலாமா? சம்பளம் இல்லை, கட்டணம் மட்டும்தான்.

போகலாம். ஆனால் ஓய்வுபெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் என்றால் அரசின் முன் அனுமதி கட்டாயம். அகில இந்தியப் பணிகளுக்கும் (ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்றவை) மத்திய அரசின் குரூப் 'ஏ' (மேல்நிலை) அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். "சம்பளம் இல்லையே" என்ற வாதம் எடுபடாது. இயக்குநர் பதவி, கூட்டுத்தொழில் எல்லாமே வணிக வேலைதான். தனியாக ஆலோசனை சொல்வதுகூட, அரசு அலுவலகங்களைத் தொடர்புகொள்ளும் வேலையாக இருந்தால் அதில் சேரும். அரசே நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

விண்ணப்பம் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது "நிர்வாக ஆலோசனை" என்று ஒரே வரியில் எழுதுவதால். கடைசி மூன்று ஆண்டுகளில் உங்கள் கைக்கு வந்த ரகசியத் தகவல், அந்த நிறுவனத்தோடு இருந்த கோப்புத் தொடர்பு, துறையின் ஆட்சேபமின்மை, தரப்படும் தொகை அந்தத் தொழிலின் வழக்கமான அளவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். எனவே நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள்: எந்தப் பதவியில், எந்தத் தேதியில், அந்த நிறுவனத்தின் எந்தக் கோப்பு உங்களிடம் வந்தது, என்ன முடிவெடுத்தீர்கள். மறைத்தது பின்னால் வெளிவந்தால் அனுமதியும் போகும், பெயரும் போகும். அனுமதி இல்லாமல் சேர்ந்தால் ஓய்வூதியத்தை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு.

அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்ட மாணவி: ஒரு தூதர், தான் பணிபுரியும் நாட்டில் சொந்தமாக வியாபாரம் செய்யலாமா?

கூடாது. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 42ஆம் பிரிவு, சொந்த லாபத்துக்கான தொழிலையும் வணிகத்தையும் நேரடியாகவே தடுக்கிறது. அதை மீறிச் செய்தால் 31ஆம் பிரிவு குறுக்கே வரும்: அலுவல் வேலைக்கு வெளியே செய்த வணிகம் தொடர்பான சிவில் வழக்குக்குப் பாதுகாப்பு கிடையாது. 39ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். பணி முடிந்து நாட்டை விட்டுக் கிளம்பியதும் சலுகைகள் முடிகின்றன. அலுவல் முறையில் செய்த செயல்களுக்கு மட்டும் பாதுகாப்பு தொடர்கிறது. பணி முடிந்த பிறகு அதே நாட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். பழைய சலுகையை நம்பி எதிலும் கையெழுத்திடக் கூடாது.

கல்லூரி மாணவர்: ஐ.எஃப்.எஸ்.க்கு (இந்திய வெளியுறவுப் பணி) எந்த டிகிரி படிக்க வேண்டும்?

அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பட்டமும் போதும். யு.பி.எஸ்.சி.யின் சிவில் சர்வீசஸ் தேர்வுதான் வழி. மெயின்ஸ் 1750, நேர்முகம் 275, ஆக 2025 மதிப்பெண்.

வரலாற்று ஆர்வலர்: அரசுப் பணி, வெளிநாட்டுத் தூது, வணிகம் என மூன்று துறையையும் தொட்ட தமிழர் யாரேனும் உண்டா?

ஆர்.கே. சண்முகம் செட்டியாரைப் பாருங்கள். கோவையின் வணிகக் குடும்பம், கொச்சி சமஸ்தானத்தின் திவான், உலக நிதி ஒழுங்கை வகுத்த 1944 பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் இந்தியப் பிரதிநிதி, 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். ஏ. ராமசாமி முதலியார் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர், பிறகு மைசூர் திவான். இன்றைய அனுமதி விதிகள் அப்போது இல்லை என்பதை மறக்காமல் ஒப்பிடுங்கள்.

தனியார் நிறுவன மேலாளர்: இந்த ஓராண்டுத் தடையே அநியாயம். முப்பது வருட அனுபவத்தை ஏன் வீணாக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி (குறுக்கிட்டு): ஓராண்டே குறைவு. செல்வாக்கு அதற்குள் ஆறிவிடுமா? எஸ். ஜெய்சங்கர் 2018 ஜனவரியில் வெளியுறவுச் செயலர் பதவியை விட்டு அதே ஆண்டில் டாடா சன்ஸுக்குப் போனார். 2019 மே மாதம் அமைச்சராகத் திரும்பினார். விதி யாருக்கு?

அவர் ஓராண்டு விதியிலிருந்து முறைப்படி தளர்வு பெற்றே போனார். தளர்வு விதிக்குள்ளேயே உள்ள வழி. ஆனால் கேள்வியின் மையம் நியாயமானது. என் கருத்து: காலத்தின் நீளத்தைவிட வெளிப்படையே முக்கியம். எந்தக் காரணத்துக்காகத் தளர்வு தரப்பட்டது என்று அரசு வெளியிட்டால் பாதிச் சந்தேகம் அடங்கும். மேலாளர் சொல்வதுபோல் அனுபவம் வீணாகவில்லை. அந்த ஓராண்டில் எழுதலாம், கற்பிக்கலாம், அரசு நிறுவனங்களில் பணிபுரியலாம்.

மேலாளர்: வெளியே இருந்து அரசுக்குள் வருபவர்களுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டாமா?

வேண்டும். 2018இல் இணைச் செயலர் நிலையில் வெளியாட்களை ஒப்பந்தத்தில் நியமிப்பது தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அத்தகைய 45 இடங்களுக்கான விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது, இடஒதுக்கீட்டை முன்வைத்து. ஒப்பந்தம் முடிந்து பழைய முதலாளியிடமே திரும்பும்போது யார் எதைக் கண்காணிக்கிறார்கள் என்ற கேள்வி அந்த விவாதத்தில் காணாமல் போனது. எனக்கு அதில்தான் கவலை அதிகம்.

பொறியியல் மாணவர்: பி.இ. முடித்தவர் ஐ.எஃப்.எஸ். ஆகலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன். எந்தப் பட்டமும்.

மற்றொருவர்: பி.காம்.?

எந்தப் பட்டமும் என்றால் பி.காமும்தான். இனி பட்டத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் இல்லை.

முன்னாள் செயலர்: ஒரு பட்டியலிடப்பட்ட கம்பெனி என்னைச் சுயேச்சை இயக்குநராக (கம்பெனியோடு வேறு தொடர்பில்லாத போர்டு உறுப்பினராக) அழைக்கிறது. எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஓய்வுபெற்று ஓராண்டு முடிந்ததா என்பதை முதலில். முடியவில்லையென்றால் அனுமதி, எழுத்தில். பிறகு மனேசரிலுள்ள இந்தியக் கம்பெனி விவகாரக் கழகத்தின் தரவுத்தளத்தில் பெயரைப் பதிவுசெய்யுங்கள். அதன் தகுதித் தேர்வில் 50 சதவீதம் வேண்டும்; குறிப்பிட்ட அரசு அனுபவம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. பதவிக்காலம் ஒரு முறைக்கு ஐந்தாண்டு வரை, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை. பங்கு விருப்பத் திட்டம் (கம்பெனிப் பங்கைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை) கிடையாது; ஒரு கூட்டத்துக்கான அமர்வுக் கட்டணம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது.

சுயேச்சை இயக்குநரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் கம்பெனிகள் சட்டத்தின் 149(12) பிரிவு உங்களைக் காப்பாற்றும் என்று மட்டும் நம்ப வேண்டாம். போர்டு வழியாகத் தெரிந்திருந்தும் பேசாதவர், கவனமாக நடக்காதவர் பொறுப்பாளிதான். கூட்ட ஆவணங்கள் முந்தைய இரவில் வந்தால் அதை மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) பதியச் சொல்லுங்கள். எதிர்ப்பு வாய்மொழியாக நின்றால் அது எதிர்ப்பே அல்ல. வரைவு மினிட்ஸ் வந்ததும் உங்கள் வாசகம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அன்றே மின்னஞ்சல். ஓராண்டு ஒரு கூட்டத்துக்கும் போகவில்லையென்றால் பதவி தானாகவே போய்விடும்.

இன்னொரு முன்னாள் செயலர்: இயக்குநர் கட்டணத்துக்கு வரி எப்படி?

உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.